ஹம்ப்ரி ஜென்னிங்ஸின் யுத்தகாலச் சித்திரங்கள்

1942-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சிறு படம் வெளிவந்தது. இருபது நிமிஷ அளவே ஓடும் அப்படத்திற்கு ‘பிரிட்டனைக் கேளுங்கள்’ என்று பெயர். பெயரே சற்று விந்தையானது. படத்தைப் பார்க்கச் சொல்வதுதான் உலக வழக்கம். இதுவோ கேட்கச் சொல்கிறது. கோதுமைக் கதிர்கள் காற்றில் சலசலக்கின்றன. அவற்றின் மேலே போர் விமானங்கள் இரைந்து செல்கின்றன. பிளாக்பூல் நகரத்து நடன மண்டபத்தில் ஜோடி ஜோடியாக மக்கள் சுழல்கின்றனர். இருட்டில் நின்றுவிட்ட ரயிலில் கனடா நாட்டுச் சிப்பாய்கள் அக்கார்டியன் வாசித்துப் பாடுகின்றனர். தொழிற்சாலையில் யந்திரங்களின் முன் நிற்கும் பெண்கள், ஒலிபெருக்கியில் வரும் வானொலி இசையோடு தாங்களும் குரல் சேர்க்கின்றனர். தொடக்கம் முதல் முடிவு வரை, ‘இது இன்னது, இதன் பொருள் இன்னது’ என்று எடுத்துரைக்கும் குரல் ஒன்றுகூட இல்லை. விளக்கவுரை என்பதே இல்லாத படம் அது.

இதில் வியப்புக்குரியது வேறொன்று. இதனைத் தயாரித்தது தனிப்பட்ட கலைஞர் ஒருவரன்று, அரசாங்கம். அதுவும் யுத்தம் உக்கிரமாக நடந்த நாளில், பிரசாரத்திற்கென்றே ஏற்பட்ட தகவல் இலாகா. ஒரு சர்க்கார் இலாகா, தன் செய்தியைத் தானே எடுத்துச் சொல்லாமல் மக்களின் காதுகளை நம்பி விட்டுவிட்டது என்றால், அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்திருக்க வேண்டும். அவர்தாம் ஹம்ப்ரி ஜென்னிங்ஸ். நாம் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பணி புரிகிறவர்கள். விளக்கவுரையை நம்பிப் பிழைக்கும் நமக்கு, விளக்கவுரையை விலக்கிய இந்த மனிதர்மீது ஒரு தனி ஈடுபாடு ஏற்பட்டதில் அதிசயமில்லை.

ஜென்னிங்ஸ் 1907-இல் இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையிலுள்ள வால்பர்ஸ்விக் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்றார். ஓவியம் தீட்டினார், கவிதை எழுதினார், நாடக மேடைக்குத் திரைச்சீலை வரைந்தார். 1934-இல் அவர் வந்து சேர்ந்த இடம் தபால் இலாகா. தபால் இலாகாவுக்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். ஜான் கிரியர்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் முயற்சியால், டாக்குமெண்டரி என்று நாம் வழங்கும் விவரணப் படங்களை எடுக்க அவ்விலாகாவில் ஒரு தனிப் பிரிவு இயங்கிவந்தது. கடிதங்களைச் சுமந்து இரவெல்லாம் ஓடும் ரயிலைப் பற்றிய புகழ் பெற்ற படம் 1936-இல் அங்கிருந்துதான் வந்தது. கிரியர்ஸனின் சீடர்கள் உழைக்கும் மனிதனைப் பற்றிப் படமெடுத்தனர். அவன் எவ்வாறு உழைக்கிறான், அதனால் நாட்டுக்கு என்ன நன்மை என்பதை விளக்கினர். நல்ல ஆசிரியர்கள் அவர்கள். ஆனால் ஆசிரியர்கள்.

ஜென்னிங்ஸ் அந்த வகுப்பறையில் சற்று ஒட்டாமலே இருந்தார். 1936-இல் லண்டனில் நடைபெற்ற சர்ரியலிஸ ஓவியக் கண்காட்சியின் அமைப்பாளருள் அவரும் ஒருவர். மறு ஆண்டு சார்லஸ் மாட்ஜ், டாம் ஹாரிஸன் ஆகியோருடன் ‘மக்கள் நோக்கம்’ என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்தார். சாதாரண மக்கள் தாம் கண்டதையும் கேட்டதையும் தம் சொந்தச் சொற்களில் எழுதி அனுப்புவர். அவற்றைத் தொகுப்பதே இயக்கத்தின் வேலை. 1937 மே 12-ஆம் தேதி, ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய நாளன்று, நாடெங்கும் மக்கள் எழுதிய குறிப்புகளைச் சேர்த்து ஒரு நூலாக்கினர். மன்னரைப் பற்றிய நூலன்று அது. அன்றைய தினம் தெருவில் யார் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பற்றியது. பிற்காலத்தில் அவர் எடுத்த படங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

1939-இல் வந்த ‘ஓய்வு நேரம்’ என்ற படத்தில் அந்த வேர் முளைவிட்டது. எஃகு, பஞ்சு, நிலக்கரி ஆகிய மூன்று தொழில்களைச் சேர்ந்த மக்கள், வேலை முடிந்தபின் என்ன செய்கிறார்கள் என்பதே பொருள். புறா வளர்க்கிறார்கள், பந்தாடுகிறார்கள், சேர்ந்து பாடுகிறார்கள். கசூ என்னும் விளையாட்டு வாத்தியத்தை ஊதிக்கொண்டு ஒரு சிறுவர் அணி குளிரில் நடைபோடுகிறது. லாரி லீ என்னும் கவிஞர் பேசிய விளக்கவுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வாக்கியங்களே. கிரியர்ஸனின் அணியினர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தொழிலாளியைக் கேலி செய்வதாக எண்ணினர்.

பிறகு யுத்தம் வந்தது. தபால் இலாகாவின் படப்பிரிவு 1940-இல் தகவல் இலாகாவின் கைக்கு மாறி, ‘கிரவுன் படப்பிரிவு’ என்று புதுப் பெயர் பெற்றது. 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கி ஐம்பத்தேழு இரவுகள் ஜெர்மானிய விமானங்கள் தொடர்ந்து லண்டன்மீது குண்டு பொழிந்தன. அப்போது ஜென்னிங்ஸும் ஹாரி வாட்டும் சேர்ந்து எடுத்த படம் ‘லண்டன் தாங்கும்’. விளக்கவுரை பேசியவர் குவென்டின் ரெய்னால்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர். அமெரிக்கா அப்போது யுத்தத்தில் சேரவில்லை, சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே லண்டனின் கதையைச் சொல்ல அமெரிக்கக் குரல் தேவைப்பட்டது. படம் தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஆயினும் இன்று அதைக் காணும்போது, ரெய்னால்ட்ஸின் குரல் சற்று அதிகமாகவே அழுத்துகிறது. விடிந்தபின் உடைந்த கண்ணாடிகளின் நடுவே வேலைக்குச் செல்லும் மக்களின் காலடிகள் நமக்குச் சொல்வதையே அவரும் மறுபடி சொல்கிறார்.

அடுத்த ஆண்டு ‘போருக்குரிய சொற்கள்’. மில்டன், பிளேக், பிரௌனிங், கிப்ளிங் முதலானோரின் வரிகளை லாரன்ஸ் ஒலிவியர் படிக்கிறார், காட்சிகள் ஓடுகின்றன. முடிவில் லிங்கனின் புகழ் பெற்ற சொற்கள் ஒலித்து ஓய்ந்தபின், லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் லிங்கனின் சிலையைக் கடந்து டாங்கிகளும் சாதாரண ஜனங்களும் செல்வதைப் பேச்சின்றிக் காட்டுகிறார். சொற்களுக்கென்றே எடுத்த படம், சொற்கள் நின்ற இடத்தில்தான் உச்சத்தை அடைகிறது. இதை ஜென்னிங்ஸ் கவனியாமல் இருந்திருக்க முடியாது. அடுத்துத்தான் ‘பிரிட்டனைக் கேளுங்கள்’ வந்தது.

அப்படத்தின் நடுப்பகுதியைச் சற்று நின்று பார்ப்போம். தொழிற்சாலை உணவுக்கூடம் ஒன்றில் மதிய வேளை. ஃபிளானகன், ஆலன் என்ற இரு நகைச்சுவைப் பாடகர்கள் மேடையில் பாடுகிறார்கள்; தட்டுகளின் ஓசைக்கிடையே தொழிலாளர்கள் சீழ்க்கையடித்துச் சேர்ந்துகொள்கிறார்கள். பாட்டு முடியும் தறுவாயில், ஒரே வெட்டில் நாம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறோம். ஓவியங்கள் குண்டுக்கு அஞ்சி வேல்ஸ் நாட்டு மலைகளுக்குச் சென்றுவிட்டன. வெறுமையான அக்கூடத்தில் மைரா ஹெஸ் அம்மையார் 1939 அக்டோபர் முதல் மதிய வேளைக் கச்சேரிகள் நடத்திவந்தார். விமானப்படையின் இசைக்குழுவோடு அவர் மோஸார்ட்டின் இசையைப் பியானோவில் வாசிக்கிறார். கேட்போரில் சிலர் கைப்பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்கின்றனர். ஓர் இருக்கையில் இங்கிலாந்து ராணியே அமர்ந்திருக்கிறார். அவர் ராணி என்று படம் நமக்குச் சொல்வதில்லை. கண்டுகொள்பவர் கண்டுகொள்ளலாம். உணவுக்கூடத்துப் பாட்டும் மோஸார்ட்டும் ஒரே நாட்டின் ஒரே மதியப் பொழுது என்பதை ஆயிரம் வாக்கியங்களால் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வெட்டு அதைச் சொல்லிவிட்டது.

மேலதிகாரிகளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வெளிநாட்டார் இதை எப்படிப் புரிந்துகொள்வர்? ஆகவே அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பும் பிரதியில் ஒரு முன்னுரையைச் சேர்த்தனர். லெனார்ட் பிராக்கிங்டன் என்னும் கனடா நாட்டு வழக்கறிஞர், திரையில் தோன்றி, நீங்கள் கேட்கப் போவது இன்ன இன்ன ஒலிகள் என்று எடுத்துரைக்கிறார். நல்ல குரல், நல்ல சொற்கள். ஆனால் பாயசம் பரிமாறுமுன் அது இனிக்கும் என்று பிரசங்கம் செய்வது போன்றது அது. விவரணப் பட உலகைச் சேர்ந்த எட்கர் ஆன்ஸ்டி, ஒரு பத்திரிகையில் இப்படத்தைக் கடுமையாகத் தாக்கினார். ரோம் எரியும்போது பிடில் வாசித்த நீரோவின் நினைவு அவருக்கு வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலைகளிலும் பொது மண்டபங்களிலும் படத்தைத் திரையிட்ட இலாகா அதிகாரி ஒருவர், மக்கள் இதனைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்ததைப் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். பாமரர்க்குப் புரியாது என்று படித்தவர் அஞ்சியது, பாமரர்க்கே முதலில் புரிந்தது.

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறலாமென்று நினைக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், கைத்தொழில்களைப் பற்றிய ஒரு விவரணப் படத்தின் விளக்கவுரையைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. மூல வாக்கியம் நான்கு விநாடி. நம் தமிழ் வாக்கியமோ ஆறு விநாடிக்குக் குறையாது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லாக வெட்டிக்கொண்டு போனோம். குயவர் ஒருவர் சக்கரத்தைச் சுழற்றி மண்ணை எழுப்பும் காட்சி வந்தது. ஈரமண்ணின் ஓசையும் சக்கரத்தின் ஓசையும் அழகாகவே கேட்டன. அங்கே மூலத்தில் இருந்தது, குயவர் பானை வனைகிறார் என்னும் வாக்கியம். அதனை மட்டும் விட்டுவிட்டோம். கோப்பு மறுநாளே திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், ‘ஒரு வரி விடுபட்டிருக்கிறது, சேர்க்கவும்’ என்று குறிப்பு. சேர்த்தோம். சர்க்கார் உத்தியோகம் அல்லவா? ஜென்னிங்ஸும் சர்க்கார் உத்தியோகஸ்தர்தாம் என்பதை அன்றைக்குப் பலமுறை எண்ணிக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பிரிட்டனைக் கேளுங்கள்’ படத்தின் தலைப்பில் ஜென்னிங்ஸின் பெயரோடு ஸ்டீவர்ட் மக்காலிஸ்டர் என்ற பெயரும் சமமாக இடம்பெற்றிருக்கிறது. அவர் படத்தொகுப்பாளர். ஒலியையும் ஒளியையும் அறுத்து ஒட்டியவர் அவரே. எனினும் புகழ் முழுவதும் டைரக்டரையே சேர்ந்தது. 1983-இல் டை வாகன் என்பவர் மக்காலிஸ்டரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத மனிதனின் சித்திரம் என்பது அதன் தலைப்பின் பொருள். மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அந்நூலுக்கு ஒரு வணக்கம் செலுத்தலாம்.

1943-இல் வெளியான ‘தீ மூண்டது’ ஒன்றுதான் ஜென்னிங்ஸ் எடுத்த படங்களுள் கதைப்படத்தின் நீளமுடையது. லண்டன் துறைமுகப் பகுதியில் தீயணைப்புப் படையினர் ஒரு பகலையும் ஓர் இரவையும் கழிக்கும் வரலாறு அது. நடித்தவர் அனைவரும் மெய்யான தீயணைப்பு வீரர்கள். குண்டுவீச்சுத் தணிந்திருந்த வேளையில் கிடங்கு ஒன்றில் தாமே தீ மூட்டி எடுத்தனர். தொலைபேசியருகே உட்கார்ந்து செய்தி வாங்கும் பெண்ணொருத்தி வருகிறாள். குண்டு விழுந்து கூரை சரிகிறது. நெற்றியில் ரத்தத்தோடு மேஜையின் அடியிலிருந்து எழுந்தவள், இடையூறுக்கு வருந்துவதாகச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து செய்தியைத் தொடர்கிறாள். வேறொருவர் எடுத்திருந்தால் அங்கே இசை பொங்கியிருக்கும். முடிவில், இறந்துபோன தோழனை வீரர்கள் அடக்கம் செய்கிறார்கள்; அவர்கள் காப்பாற்றிய வெடிமருந்துக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படுகிறது. இரண்டையும் மாறி மாறிக் காட்டுவதோடு சரி.

அவருடைய படங்களில் நம் மனத்தை மிகவும் தொந்தரவு செய்தது, அதே ஆண்டில் வந்த ‘மௌன கிராமம்’.

1942 ஜூன் 10-ஆம் தேதி, செக்கோஸ்லோவேகியாவில் லிடிட்ஸே என்ற கிராமத்தை நாஜிகள் அழித்தனர். ஹைட்ரிக் என்னும் நாஜித் தலைவன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கும் செயல் அது. 173 ஆடவர் ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பெண்கள் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 80-க்கு மேற்பட்ட குழந்தைகள் பின்னர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். லிடிட்ஸே மக்களிற் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். ஜென்னிங்ஸ் வேல்ஸ் நாட்டில் கும்கீத் என்னும் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். அவ்வூராரோடு தங்கி, அவர்களையே நடிக்கச் செய்து, லிடிட்ஸேயின் கதை வேல்ஸில் நடந்திருந்தால் எப்படியிருக்கும் என்று காட்டினார்.

முதற்பகுதியில் ஊரின் அன்றாட வாழ்வு. ஆலயத்தில் பாடுகிறார்கள், சுரங்கத்தில் இறங்குகிறார்கள், கடையில் அரட்டையடிக்கிறார்கள். பேசுவது வேல்ஸ் மொழி. அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. படத்தைக் கண்ட ஆங்கிலேயருள் மிகப் பெரும்பாலோர்க்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆயினும் அம்மா பிள்ளையை என்ன கேட்கிறாள், கடைக்காரர் எதற்குச் சிரிக்கிறார் என்பது யாருக்கும் விளங்கும். வேற்று மொழி பேசும் நகரத்தில் குடியேறிய முதல் மாதங்களை நம்முள் யார் மறந்திருப்பர்? பக்கத்து வீட்டுக் கூடத்திலிருந்து வரும் பேச்சு, பொருள் விளங்காமலே, அது சண்டையா சமாதானமா என்பது மட்டும் விளங்கிய நாட்கள் அவை.

பிறகு ஒலிபெருக்கி பொருத்திய கறுப்புக் கார் ஒன்று ஊருக்குள் வருகிறது. படைவீரர் முகம் ஒன்றையும் ஜென்னிங்ஸ் காட்டுவதில்லை. எதிரி என்பவன் வெறும் குரல். அக்குரல் உத்தரவுகளைப் படிக்கிறது. தொழிற்சங்கம் கூடாது. பள்ளியில் வேல்ஸ் மொழி கூடாது. ஆசிரியை குழந்தைகளிடம், இனி இங்கே நம் மொழியில் கற்பிக்க முடியாது, வீட்டிலும் விளையாட்டிலும் அதை விட்டுவிடாதீர்கள் என்ற கருத்தில் சொல்கிறாள். இதையும் வேல்ஸ் மொழியிலேயே சொல்கிறாள். பின்னர் ஆடவர்கள் ஆலயச் சுவரருகே நிறுத்தப்படுகிறார்கள்; பாடிக்கொண்டே நிற்கிறார்கள்; பாட்டை வெடியோசை நிறுத்துகிறது.

இதை இந்தியராகிய நாம் காணும்போது, வேறொரு நினைவையும் தள்ளிவைக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேல்ஸ் மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடும் தண்டனை வேல்ஸின் பள்ளிகளிலேயே இருந்தது. அந்த மொழியை வகுப்பறையிலிருந்து விரட்ட ஜெர்மானியர் வரவேண்டியிருக்கவில்லை. மேலும், படப்பிடிப்பு நடந்த 1942-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டு நிலை என்ன? ஆகஸ்டு 9-ஆம் தேதி காந்தியடிகளும் காங்கிரஸ் தலைவர்களும் சிறைப்பட்டனர். கூட்டத்திற்குத் தடை, பத்திரிகைக்குத் தடை. உத்தரவுகளை வாசித்த குரல் ஆங்கிலம் பேசியது. படத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. பிரிட்டனைக் கேளுங்கள் என்றவர், பிரிட்டன் ஆண்ட நாடுகளின் ஓசையைத் தம் யுத்தப் படங்களில் கேட்கச் செய்யவில்லை. இதை மன்னித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு மொழியைத் தடை செய்வது கொலைக்கு முந்திய படி என்பதை, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பணத்திலேயே ஒருவர் இவ்வளவு தெளிவாகப் படமாக்கியிருக்கிறார் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

யுத்தம் முடியும் தறுவாயில் எடுத்தது ‘திமோத்திக்கு ஒரு நாட்குறிப்பு’. யுத்தம் தொடங்கி ஐந்தாண்டு நிறைந்த 1944 செப்டம்பர் 3-ஆம் தேதி பிறந்த குழந்தை திமோத்தி. அவனுடைய முதல் மாதங்களில் நாடு என்ன செய்தது என்று அவனுக்கே சொல்வதாக அமைந்த படம். இதில் விளக்கவுரை உண்டு. எழுதியவர் ஈ. எம். பார்ஸ்டர், இந்தியாவைப் பற்றிய நாவலால் நமக்கு நெடுநாள் பழக்கமானவர், யுத்தக் காலத்தில் லண்டனிலிருந்து இந்திய நேயர்களுக்கென ஒலிபரப்பான பேச்சுகளைப் பேசியவர். பேசியது நடிகர் மைக்கேல் ரெட்கிரேவ். தயாரிப்பாளர் பாசில் ரைட், 1934-இல் இலங்கையைப் பற்றிய புகழ் பெற்ற விவரணப் படத்தை எடுத்தவர்.

விளக்கவுரையை விலக்கியவர் மறுபடி அதனிடம் வந்தது தோல்வியன்று. பார்ஸ்டர் எழுதியது உத்தரவுமல்ல, பாடமுமல்ல, பெரும்பாலும் கேள்விகள். சுரங்கத்தில் காயமுற்ற கொரன்வி என்னும் தொழிலாளி, முதல் யுத்தத்திற்குப்பின் வந்த வேலையில்லாத் திண்டாட்டத்தை நினைத்துப் பார்க்கிறான். இம்முறையும் அப்படித்தானா? தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் இதைக் கேட்டு வைக்கிறது படம். வெற்றியைக் கொண்டாட வேண்டிய வேளையில், வெற்றிக்குப் பின் என்ன என்று ஓர் அரசாங்கப் படம் கேட்டது அரிய செயல்.

சமாதான காலம் ஜென்னிங்ஸுக்கு அவ்வளவு கைகொடுக்கவில்லை. பின்னர் வந்த படங்களில் பேச்சு மிகுந்துவிட்டது. 1951-இல் நடந்த பிரிட்டன் விழாவுக்கென அவர் எடுத்த ‘குடும்பச் சித்திரம்’ கெட்டிக்காரத்தனமான கட்டுரையே தவிர, பழைய மூச்சு அதில் இல்லை என்பது நம் எண்ணம். 1950 செப்டம்பர் 24-ஆம் தேதி, புதுப்படம் ஒன்றுக்கு இடம் தேடிக் கிரேக்க நாட்டின் போரோஸ் தீவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது பாறையிலிருந்து விழுந்து இறந்தார். வயது 43. கிரவுன் படப்பிரிவும் 1952-இல் மூடப்பட்டது. 1954-இல் லிண்ட்ஸே ஆண்டர்ஸன் என்னும் விமர்சகர், பின்னாளில் தாமும் டைரக்டரானவர், பிரிட்டிஷ் சினிமா ஈன்ற ஒரே மெய்யான கவிஞர் ஜென்னிங்ஸ்தாம் என்று எழுதியபின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. யந்திர யுகத்தின் வருகையைக் கண்டவர்களின் சொற்களை அவர் ஆண்டுக்கணக்கில் தொகுத்துவைத்த ‘பாண்டிமோனியம்’ 1985-இல்தான் நூலாயிற்று. 2012-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத் தொடக்க விழாவில் பசும்புல் வெளியிலிருந்து புகைபோக்கிகள் எழுந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். அந்நூல் தந்த தூண்டுதலே அக்காட்சி.

‘பிரிட்டனைக் கேளுங்கள்’ படத்தை இன்று வீட்டிலிருந்தபடியே காண முடிகிறது. நம் கையில் முதன்முதல் அகப்பட்டது முன்னுரையோடு கூடிய பிரதி. கனடா நாட்டுக் கனவான் பேசி முடிக்கும்வரை ஒலியைத் தணித்து வைத்திருந்து, கோதுமைக் கதிர்கள் தோன்றியதும் கூட்டிக்கொண்டோம்.